அரை மாத்திரைக் கணக்கு

மனகாராவிலிருந்து பெட்டி வந்து இறங்கியபோது
லிச்சி சிவந்திருந்தது.
பள்ளி வாசலில் மேசை, பேரேடு, ஒழுகும் நீலப் பேனா,
காய்ச்சி ஆறிய நீர் ஒரு வாளி,
இருநூறு வெள்ளை மாத்திரைகள் கொண்ட புட்டி.
அப்படியே விழுங்காதீர்கள், மெல்லுங்கள்
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
பெரிய பிள்ளைகள் மென்றுவிட்டு
நாக்கை நீட்டிக் காட்டினார்கள்.
சுண்ணாம்பில் சர்க்கரை கலந்தாற்போல் இருக்கிறதாம்.

தம்பியைக் கூட்டிவந்த வூலாசுவா,
பதினெட்டு வயது, தனக்கும் ஒன்று கேட்டாள்.
உள்ளங்கையில் வைத்தேன்.
பிறகு குனிந்து, வரிசைக்குக் கேட்காமல்,
இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்றாள்.
எடுத்துக்கொண்டேன்.
இப்போது வேண்டாம். நான்காம் மாதம் மருத்துவச்சியைப் பார்.
அந்த வரியைப் பேரேட்டில் எழுதவில்லை.
சில செய்திகளுக்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.

அப்புறம் ட்சிரி.
ஒன்றரை வயது. அவளுக்கு அரை மாத்திரைதான்.
நடுக்கோட்டில் உடைத்து,
இரண்டு கரண்டிகளுக்கிடையே நசுக்கி,
நீர் விட்டுக் குழைத்தேன்.
வெள்ளைக் கரண்டியைக் கண்டதும்
ஆற்றங்கரை வரைக்கும் கேட்கிற அழுகை.
தாய் பாகூலிக்கு வெட்கம்;
பின்னால் நாற்பது பேர், மேலே வெயில்.
மூக்கைப் பிடி, வாய் தானாய்த் திறக்கும்
என்றது வரிசை.
அவள் விரல்கள் எழுந்தன.

போன ஆண்டு, வேறொரு ஊரில்,
அந்த விரல்கள் என்னுடையவை.
பையன் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.
முழு மாத்திரை. மூக்கைப் பிடித்தேன்.
அழுகை நின்றது.
நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்,
ஒரு மூச்சு நேரம்.
அந்த ஒரு மூச்சு அவனிடம் இல்லை.
மடியில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தேன்;
எத்தனை அடி என்று தெரியாது.
மாத்திரை தெறித்து மண்ணில் உருண்டது,
ஒரு பல்தடம்கூட இல்லாமல்.
அவன் அழுதான்.
அவன் அழுததற்காக நானும் அழுதேன்.

பாகூலியின் கையை மெதுவாய் இறக்கினேன்.
அழுகிற வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அக்கா.
புழு நாளைவரை காத்திருக்கும்,
அதற்கு வேறு போக்கிடமில்லை.
வரிசை சிரித்தது.
கரண்டியைக் கீழே வைத்தேன்,
எங்கிருந்தோ வந்த சிவப்புக் கோழி
இரண்டே கொத்தில் காலிசெய்தது.

இருட்டும் நேரம் ஒருத்தி ஓடிவந்தாள்.
வாழையிலையில் சுருட்டி, முகம் திருப்பி நீட்டினாள்:
மகன் வயிற்றிலிருந்து விழுந்தது,
என் சாண் நீளம், அசைவில்லை.
இன்னும் இருக்குமே, இன்னொன்று தாருங்கள் என்றாள்.
வேண்டாம். ஒன்று போதும்.
வயிறு கொஞ்சம் முறுக்கும், விட்டுவிடும்.
வலி நிற்காவிட்டால் ஓடி வாருங்கள், எந்நேரமும்.
அடுத்தது ஆறு மாதம் கழித்து.
இலையைக் குழிதோண்டிப் புதைத்தோம்.
சோப்பு தேடினேன்; சாம்பல் கிடைத்தது.

காலையில் ட்சிரி வந்தாள்,
இடுப்பில், தூக்கக் கலக்கத்தோடு, சிரித்துக்கொண்டே.
பாகூலி கையில் ஒரு குவளை:
அடிப்பிடித்த சோற்றில் நீரூற்றிக் கொதிக்கவிட்டு ஆறியது,
அவளுக்குப் பிடித்த பொன்னிற நீர்.
மீதி அரையை நசுக்கி அதில் ஒரு கரண்டி கலந்தோம்.
நிமிர்ந்து உட்கார்ந்து, கரண்டியைத் தானே பிடித்து,
பாதியைச் சட்டைக்கும்
பாதியைத் தனக்கும் என்று தொடங்கியவள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மிச்சத்தை ஒழுங்காய் நக்கினாள்.

நகரத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ரமிலிசன்
கண்ணாடியை ஏற்றி எண்ணினார்.
விழுங்கியவர், மறுத்தவர், மீதி.
ஒன்று இடிக்கிறதே என்றார்,
அரை மாத்திரை எங்கே?
நடந்ததைச் சொன்னேன்.
நெடுநேரம் பேரேட்டைப் பார்த்தார்.
பிறகு குறிப்புப் பத்தியில்
அவரே எழுதினார், தெளிவான கையெழுத்தில்:

கோழி.